கரடி எழுதிய ஒரே ஒரு உண்மை

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குச் சினிமா ஆசை வந்ததுதான் வினை.

வேங்கையார் என்ற அந்தப் புலி 'குரல்வளை' என்று ஒரு படம் எடுத்தது. முழுக்கப் பாட்டு, முழுக்க இருட்டு, முழுக்க ரத்தம். கதை இதுதான்: ஒரு பாட்டு வாத்தியார். சிஷ்யை உச்சஸ்தாயியைத் தொடும்போது லபக்கென்று அவள் கழுத்தைக் கடித்துவிடுவார். வாத்தியார் வேஷம் குயிலுக்குத்தான் என்று நினைத்தீர்களானால் உங்களுக்குச் சினிமா தெரியாது. புலிதான் வாத்தியார். பின்னணிப் பாடகரும் வேண்டாம், அவரவர் சொந்தக் குரல் போதும் என்று வேறு சொல்லிவிட்டது. தகர டப்பாவை ரோட்டில் இழுத்த மாதிரி ஒரு குரல்.

சிஷ்யை, பூவாயி என்ற வெள்ளாடு. நன்றாகவே பாடும். அங்கங்கே சுருதி விலகும், அவ்வளவுதான்.

முதல் காட்சிக்கு விமர்சகர் சடையப்பன் வந்தது. கரடி. அதன் வாயில் பொய்யே வராது, அதனாலேயே சிநேகிதர்களும் கிடையாது. படம் முடிந்ததும் எல்லா மிருகங்களும் கை தட்டின. கரடி மட்டும் தலையைச் சொறிந்தது. திரையில் செத்துக் கிடந்த ஆடு, சாவகாசமாக அசை போட்டுக்கொண்டிருந்ததை அது பார்த்துவிட்டது.

வாசலிலேயே பூவாயி அதை மடக்கியது.

"அண்ணே, அதை எழுதிடாதீங்க அண்ணே. பழக்க தோஷம், வாய் தானா மெல்லுது."

"உள்ளதை எழுதுறதுதானேம்மா என் பிழைப்பு?"

"சாவு சரியில்லேன்னு நீங்க எழுதினா, முதலாளி திரும்ப எடுப்பாராம். இந்தத் தடவை நிஜமாவே கடிப்பாராம்."

கரடிக்கு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் தேன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. கடைசியில், பாவம், வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் புளுகியது. "வேங்கையார் நடிக்கவில்லை, வாத்தியாராகவே வாழ்ந்திருக்கிறார். பூவாயியும் நடிக்கவில்லை, செத்தே போயிருக்கிறார்." எழுதி முடித்ததும் அதற்கு அவமானமாக இருந்தது. ஒரு வரியாவது உண்மை இருக்கட்டுமே என்று கடைசியில் சேர்த்தது: "பூவாயியின் பாட்டு பரவாயில்லை."

அட கடவுளே, அதைச் சேர்க்காமல் இருந்திருக்கலாம்!

மறுநாள் புலிக்கு வாயெல்லாம் பல். திரும்ப எடுக்கிற பேச்சையே விட்டுவிட்டது. "சடையப்பன் நல்லா கரடி விடுறாரே" என்று காடே சிரித்தது. போகட்டும், ஓர் உயிர் பிழைத்ததே என்று கரடி மனசைத் தேற்றிக்கொண்டது.

பூவாயி வந்தது. நன்றி சொல்ல இல்லை, சண்டைக்கு.

"என்ன அண்ணே பரவாயில்லை? அந்தத் தகர டப்பா வாழ்ந்திருக்காரு, நான் பரவாயில்லையா?"

"உன் உயிரைக் காப்பாத்தியிருக்கேன் தங்கச்சி!"

"உசுரு கெடக்கு! என் ஓரகத்தி அந்த வரியை மட்டும் கத்தரிச்சு சுவத்துல ஒட்டி வச்சிருக்கா."

"அபாரம்னு மாத்தி எழுதிடறேன்மா."

"கேட்டு வாங்குற பாராட்டு எனக்கு எதுக்கு?" என்றது ஆடு. கரடி கும்பிட்டுக் கெஞ்சியும் நிற்கவில்லை. விறுவிறுவென்று புலி வீட்டுக்குப் போனது.

"முதலாளி, கடைசிப் பாட்டை இன்னொரு தடவை எடுத்துடலாங்க. என் திறமை முழுசா வெளிய வரலை."

புலி நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டது. "கலைன்னா இப்படி ஒரு வெறி வேணும்மா! நாளைக்கே வச்சுக்கலாம். நான் ஒண்ணும் சாப்பிடாம வந்துடறேன்."

புதுப் பிரதி வெளியானது. பூவாயி அந்த உச்சஸ்தாயியைப் பிடித்தது பாருங்கள், காடே புல்லரித்துப் போனது. கரடி அழுதுகொண்டே எழுதியது: "பாட்டு அபாரம்." சத்தியமான உண்மை. படித்துப் பூரிக்கத்தான் ஆடு இல்லை.

நீதி: பொய் சொல்வதானால் முழுசாகச் சொல்லுங்கள். நடுவில் ஒரு சொட்டு உண்மையைக் கலந்தால் உயிர்ச்சேதம் ஆகிவிடும்.