‘நான் பாத்துக்கறேன்’ ஆசாமி

எந்தப் பொருள் பழுதானாலும் அதைச் சரிசெய்ய ஓர் ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு போன் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வருவார் என்கிற எளிய உண்மையை ஒப்புக்கொள்ளாத ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பார்வைக்கு உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வேலைக்குப் போவார்கள், வரி கட்டுவார்கள், குழந்தைகளைக் கொஞ்சுவார்கள். ஆனால் வீட்டில் ஏதாவது ஒரு மெஷின் லேசாக இருமினால் போதும், முகத்தில் தனிக் களை வந்துவிடும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்வார்கள்: “நான் பாத்துக்கறேன்.” அன்றோடு அந்தப் பொருளின் நல்ல காலம் முடிந்தது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் ஒரு டப்பா இருக்கும். அதில், கழற்றியதைத் திரும்ப மாட்டியபோது மிச்சமான ஸ்குரூக்கள் இருக்கும். எப்படி மிச்சமானது என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனிக்காரன் தேவைக்கு மேல் போட்டிருந்தான் என்று பதில் வரும். இவர்களுக்கு உதவி வேண்டாம். டார்ச் பிடிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். டார்ச் பிடிப்பவருக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக் கூடாது. “இங்க இல்ல, அங்க” என்றால், எங்கே என்று கேட்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் சகலை, அதாவது என் மனைவியின் அக்கா கணவர், இந்த இனத்தின் சிகரம். அவர் வீட்டு ஏசி விவகாரத்தில் டார்ச் பிடித்தவன் நான்.

எங்கள் மாமனாருக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன் நடந்தது. மாமியார் போன பிறகு தனியாகவே இருக்கிற மனிதர். எந்த மகள் கூப்பிட்டாலும் வர மாட்டார், யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பார். இந்த முறை பெரிய மகள் ஆஸ்பத்திரியிலேயே ஒற்றைக்காலில் நின்று, தையல் ஆறும் வரைக்குமாவது என்று சொல்லித் தன் வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஆறிய பிறகும் அப்படியே இருத்திவிட வேண்டும் என்பது அவள் மனசுக்குள் போட்டிருந்த திட்டம். வெயில் கொளுத்துகிற நேரம். தையல் போட்ட இடத்தில் வியர்வை தங்கக் கூடாது, அறையின் குளிர்ச்சி ஒரே சீராக இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகவே, வெயிலுக்குக் குளிரும் குளிருக்குச் சூடும் தருகிற புது ஏசி ஒன்றை வாங்கி அவர் அறைச் சுவரில் மாட்டினார்கள்; காற்று அவர்மேல் நேராக அடிக்காமலிருக்கச் சகலை முன்னால் ஓர் அட்டையும் கட்டினார். மாமனார் வந்து படுத்தார். ஏசி தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது.

ஓடும், நிற்கும். பால்கனியில் இருக்கிற பெட்டி ‘டொம்’ என்று கிளம்பும். அப்பாடா என்று தலையணையில் சாய்வதற்குள் ‘டக்’ என்று அடங்கும். அறை புழுங்கிப் போனதும் மறுபடி டொம், மறுபடி டக். மாமனார் விசிறிக்கொள்ள ஒரு வாரப் பத்திரிகையைக் கையிலேயே வைத்திருந்தார். கம்பெனிக்குப் போன் போடலாமே என்றாள் அக்கா. சொல்லியிருக்கக் கூடாது. சகலை சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதலில் வியாதிக்குப் பெயர் கண்டுபிடித்தார். ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, இதற்கு ‘ஷார்ட் சைக்கிளிங்’ என்று பெயர் என்று அறிவித்தார். அந்தப் பெயர் கிடைத்த சந்தோஷத்தில் ஏசியே சரியாகிவிட்டதைப் போல ஒரு நாள் முழுக்க மிதந்தார். பால்காரரிடம் சொன்னார். ஆபீஸில் சொன்னார். நலம் விசாரிக்க வந்தவர்களிடம் மாமனாரின் உடம்பைவிட ஏசியின் உடம்பைப் பற்றி அதிகம் சொன்னார். வந்தவர்களும் ஆரஞ்சுப் பழத்தை மாமனாரிடம் கொடுத்துவிட்டு அனுதாபத்தை ஏசிக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு வைத்தியம். ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றினார். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்தார். ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டு வேறு வாங்கினார். கேஸ் கசிகிறதா என்று குழாயெல்லாம் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குழந்தைப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து பார்த்தார். பால்கனிப் பெட்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் குளிப்பாட்டினார்; கீழ்வீட்டுக்காரர் காய வைத்திருந்த சட்டைகளும் சேர்ந்து குளித்தன. கடைசியில் கபாசிட்டரை மாற்றினார். எல்லாவற்றுக்கும் நான் டார்ச் பிடித்தேன்.

கொடுமை என்னவென்றால், ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஏசி கட்டுப்பட்டது. ஏணியில் ஏறி, முன்னால் இருப்பதையெல்லாம் கழற்றி என்னிடம் கொடுத்துக் கட்டில் மேல் வைக்கச் சொல்லிவிட்டு, உள்ளே எதையோ தொட்டு ஓட்டிப் பார்த்தால் சமர்த்தாக ஓடும். இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்ப்பார். நாங்களும் மெச்சுவோம். பிறகு எல்லாவற்றையும் முன்போலவே ஒழுங்காக மாட்டி, ஏணியை மடித்து, டீ குடித்து முடிப்பதற்குள் டக்.

அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் வருவதற்குள் சகலை எல்லாவற்றையும் தானே கழற்றித் தயாராக வைத்திருந்தார். மெக்கானிக்கை உட்காரவைத்து ஷார்ட் சைக்கிளிங்கைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஏசி ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது. எந்தக் குறையும் இல்லை என்று மெக்கானிக் போய்விட்டார். “இவனுக்கெல்லாம் என்ன தெரியும்?” என்று சகலை திரும்ப எல்லாவற்றையும் மாட்டினார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு அழுதது எனக்குத் தெரியும்.

தையல் பிரித்த அன்றைக்கே மாமனார் பையைக் கட்டிவிட்டார். தன் வீட்டில் ஃபேன் காற்றே பழகிவிட்டது என்றார். அக்கா கெஞ்சினாள். சகலை இன்னும் ஒரே ஒரு சென்ஸாரை மட்டும் மாற்றிப் பார்க்க அவகாசம் கேட்டார். மாமனார் சிரித்தபடியே செருப்பைப் போட்டுக்கொண்டார். காரில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில், ஏசியால்தானே கிளம்பினீர்கள் என்று கேட்டே விட்டேன்.

“ஏசிக்கு ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. காத்து என் மேல நேரா அடிக்கக் கூடாதுன்னு பெரிய மாப்பிள்ளை ஒரு அட்டையை வளைச்சுக் கட்டியிருக்கார் இல்ல? குளிர்ந்த காத்து அதுல மோதி, மேல திரும்பி, அந்த ஏசிக்குள்ளேயே போயிடுது. ரூம் குளிர்ந்துடுச்சுன்னு அது நினைச்சு நின்னுடுது. அட்டையைக் கழட்டி என் கால்மாட்டுல வெச்சா ஓடுது. மாட்டினா நிக்குது. படுத்துக்கிட்டு நான் வேற என்னத்தைப் பாத்தேன்?”

அந்த அட்டையைத்தானே ஒவ்வொரு தடவையும் ஏணிக்குக் கீழே நின்று நான் வாங்கி வைத்தேன்? முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“எனக்காக உக்காந்து அளந்து வெட்டினது அது. கை கிழிக்கக் கூடாதுன்னு ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருக்கார். அதுதான் கோளாறுன்னு எப்படிச் சொல்றது? ஒரு தடவை ஆரம்பிச்சேன். ‘நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்’னுட்டார்.”

எனக்குக் கோபம் வந்தது, இவர்மேலா அவர்மேலா என்றுதான் தெரியவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனையையும் சந்தேகப்படுகிற இந்த இனம் சந்தேகப்படாத ஒரே பொருள், அது தன் கையால் செய்ததுதான். அதிலும் பாசத்தோடு செய்ததென்றால் கேட்கவே வேண்டாம், அதற்குப் பூஜை போடாத குறைதான்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் ஏணியில் ஏறி அட்டையை எடுத்தாள். ஏசி ஓடியது. சகலை ஆபீஸிலிருந்து வந்தபோதும் காலிக் கட்டிலுக்கு மேல் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவருகில் நின்று கேட்டுவிட்டு, கபாசிட்டர் செட்டாவதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்று தான் அன்றைக்கே சொன்னதாகச் சொன்னாராம். அட்டை எங்கே போயிற்று என்று கேட்கக்கூட இல்லையாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து, ஏசி சரியாகிவிட்டது, திரும்பி வாருங்கள் என்றாள். அடுத்த கோடைக்குப் பார்க்கலாம் என்றார் அவர்.

நீங்கள் இந்த இனம் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். வீட்டில் நீங்கள் செய்த எதையும் இதுவரை ஒருவரும் குறை சொன்னதே இல்லை என்றும் சொல்கிறீர்கள். அந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். என் சகலையிடமும் இன்றுவரை யாரும் சொன்னதில்லை.