கோபுரம் போல் அடித்த கல்யாணப் பத்திரிகை

ஒரு காட்டில் எழுதத் தெரிந்த கழுதை ஒன்று இருந்தது. அது நான்தான். காகிதத்தைத் தின்று தின்றே படித்தவன் என்பதால், யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை எழுத என்னிடம்தான் வருவார்கள். 'புலவரே' என்று கூப்பிடுவார்கள். நானும் நம்பிவிட்டேன்.

ஒருநாள் புள்ளிமான் தணிகாசலம் மூச்சிரைக்க வந்தார்.

"புலவரே, பொண்ணுக்குக் கல்யாணம். சொந்தக்காரங்க அத்தனை பேரும் வரணும். புலிக்கும் சொல்லணும், சொல்லாம விட்டா வம்பு. ஆனா அவர் வந்துடக் கூடாது. வந்தா பந்தியில எங்களைத்தான் பரிமாறணும்."

"கவலைப்படாதீங்க. ஆளுக்குத் தகுந்த மாதிரி எழுதுறதுதானே என் தொழில்" என்றேன்.

உறவினர்களுக்கு மஞ்சள் தடவிய கெட்டி அட்டை. தணிகாசலமும் மனைவி வேதவல்லியும் தாம்பூலத் தட்டோடு புதர் புதராகப் போய் அழைப்பார்கள். புலிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம், 'இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்கவும்' என்ற வரியோடு. மானமுள்ள எவனும் அதைப் படித்துவிட்டு வரமாட்டான். என் சாமர்த்தியத்தை நினைத்து நானே ஒருமுறை கனைத்துக்கொண்டேன்.

அட்டையில் கொஞ்சம் கலையும் காட்டினேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதன் கீழே இரு வீட்டுப் பெயர்களையும் கலந்து கோபுரம் போல அடுக்கினேன். சின்னப் பெயர் மேலே, நீளப் பெயர் கீழே. உச்சியில் பாபு வந்தான். ஒன்றுவிட்ட பங்காளியின் பேரன், இன்னும் பால்குடி மறக்காதவன். அடியில் வைத்தீஸ்வரமூர்த்தி வந்தார். அவர் பெண்ணின் தாய்மாமன்.

முகூர்த்தத்தன்று மண்டபம் காலி. தாய்மாமன் கோபித்துக்கொண்டார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறதென்று மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். பாபு வீட்டார்கூட ஊர் வாய்க்குப் பயந்து வரவில்லை. பெண், மாப்பிள்ளை, இரண்டு பக்கத்துப் பெற்றோர், நான். அவ்வளவுதான்.

அப்போது வாசலில் புலி வந்து நின்றது. கையில் சுவர்க்கடிகாரம்.

"படம் வந்துச்சு. நேர்ல வந்து கூப்பிட்டதா நெனச்சுக்கச் சொல்லியிருந்தீங்க. நெனச்சுக்கிட்டேன்" என்றது. பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டது. "சொந்தக்காரங்க எங்கே?"

முகூர்த்த நேரம் போய்க்கொண்டிருந்தது. பெண்ணுக்கு மாலை போடத் தாய்மாமன் இல்லை. வேதவல்லி அழுதுகொண்டே மாலையைக் கொண்டுபோய்ப் புலியிடம் நீட்டினாள்.

"அண்ணே, நேரமாகுது. நீங்களாவது போடுங்க."

புலி திகைத்துப்போனது. அதை யாரும் அதுவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. மாலையைப் போட்டது. தாலியும் கட்டியாயிற்று. தாய்மாமனாகிவிட்ட பிறகு யாரைக் கடிப்பது? பந்தியில் உட்கார்ந்து, மஞ்சள் அட்டையால் வந்த கோபத்தைத் தணிகாசலம் சொல்லச் சொல்ல, ரசம் சாதத்தை முறைத்துக்கொண்டே தின்றது.

கிளம்பும்போது என்னிடம் வந்தது. "பெரிய கூட்டமா இருக்கும்னு ரெண்டு நாளா பட்டினி கிடந்து வந்தேன். அந்த மஞ்சப் பத்திரிகையை யார் எழுதினது?"

"நான்தாங்க."

"நல்லா இருங்க" என்று பல்லைக் கடித்தபடி போனது.

உறவினர்கள் அன்று வந்திருந்தால் பாதிப் பேர் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள். வைத்தீஸ்வரமூர்த்தி இன்றும் சௌக்கியமாக இருக்கிறார். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மிஞ்சிய பத்திரிகைகளை நானே தின்று தீர்த்தேன். மஞ்சள்தான் கொஞ்சம் தூக்கல்.

நீதி: சொந்தக்காரர்கள் நீடூழி வாழ வேண்டுமானால், பத்திரிகையில் அவர்கள் பெயரைக் கடைசியில் போடுங்கள்.