சட்டப்படி ஒரு குளியலறை

தன் உடம்பில் உயிர் இருக்கும்வரை இந்த வீட்டில் இரண்டாவது குளியலறை எழும்பாது என்று டைம்கீப்பர் ஒரு சபதம் எடுத்தார். படுத்துக்கொண்டேதான் எடுத்தார். அவர் எடுத்த சபதங்கள் எல்லாமே அந்த வாக்கில் எடுத்தவைதான்.

பஸ் டிப்போவில் அவருக்கு வேலை. முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தி வரும் டிரைவரைக்கூட உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். மத்தியானம் வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டுப் பின்னறைக் கட்டிலில் சாய்ந்தால், அதன் பிறகு அவருக்கு நேரம் என்கிற சங்கதியே கிடையாது. அந்த அறைக்கு 'ஆபீஸ் ரூம்' என்று பெயர் வைத்திருந்தார். உள்ளே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, கொல்லைப்புறக் காற்று வருகிற ஒரு ஜன்னல். வேறு ஆபீஸ் சாமான் எதுவும் இல்லை.

காலையில் அவர் மனைவி மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புவாள். இரண்டு மகள்களும் கல்லூரிக்குக் கிளம்புவார்கள். மூன்று பேருக்கும் ஒரே நேரம், ஒரே குளியலறை. கதவைத் தட்டுகிற தட்டில் தெருவே விழித்துக்கொள்ளும். டைம்கீப்பருக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. அவர்தான் இருட்டிலேயே குளித்துவிட்டுப் போய்விடுகிறாரே.

ஒருநாள் சாப்பாடு போடும்போது மனைவி மெல்ல ஆரம்பித்தாள். கொல்லைப்புற மூலையில் சின்னதாக ஒரு குளியலறை கட்டிவிடலாமா என்றாள். கொல்லைப்புற மூலை என்றால் ஆபீஸ் ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே. டைம்கீப்பரின் காதில் கடப்பாரை இடித்தது. துளை போடும் மெஷின் அலறியது. மாதக்கணக்கில் மத்தியானத் தூக்கம் போச்சு. ஆனால் மனைவியிடம் முடியாது என்று நேருக்கு நேர் சொல்லும் ஆண் இன்னும் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் வளர்ந்திருக்க மாட்டான். அதனால் அவர் சட்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டார்.

"தாராளமாக் கட்டலாம். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"என்ன சட்டம்?"

"அனுமதி வாங்காம ஒரு குழாயைக்கூடத் தொடக் கூடாது. வரைபடம் போட்டு நகராட்சியில பாஸ் பண்ணணும். கழிவுநீர் எந்தப் பக்கமாப் போகும், எவ்வளவு சாய்வு, எல்லாம் காட்டணும். பள்ளம் தோண்டிக் குழாய் பதிச்சா, இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு பிடி மண் போட்டு மூடக் கூடாது. பாஸ் ஆன வரைபடத்துல மயிரிழை மாத்தினாலும் தப்பு."

"அவ்வளவுதானே?" என்றாள் மனைவி, குழம்பை ஊற்றிக்கொண்டே.

அவருக்குப் புரை ஏறியது. டிப்போ கேன்டீனில் அரைகுறையாகக் காதில் விழுந்ததைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கித்தான் சொன்னார். கெட்ட நேரம், அவ்வளவும் உண்மையாகவே இருந்தது. மனைவி விடுமுறை நாளில் நகராட்சி அலுவலகத்துக்குப் போனாள், விசாரித்தாள், வரைபடம் போட வைத்தாள், விண்ணப்பத்தையும் கொடுத்துவிட்டு வந்தாள். போகிற வழியில் காய்கறி வாங்குவதுபோல முடித்துவிட்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவளே ஒரு பேச்சும் விட்டாள். கழிவுநீர்க் குழாய் பக்கத்து வீட்டு மதில் ஓரமாகத்தான் தெருவுக்குப் போக வேண்டுமாம். மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் ஆட்சேபித்தால் சிக்கலாகிவிடுமாம். "ஆனா அவர் எதுக்கு ஆட்சேபிக்கப் போறார்?" என்று பெருமூச்சு விட்டாள்.

டைம்கீப்பர் அன்று இன்னும் இரண்டு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஏனென்றால் அந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு 'ஆட்சேபனை' என்றுதான் பெயர். இவர்கள் வீட்டுக் கொடியில் துணி காய்ந்தால் அதன் நிழல் தன் வாசலில் விழுகிறது என்று ஆட்சேபிப்பார். மழை பெய்தால் சாரல் தன் பக்கமே அதிகம் அடிக்கிறது என்று ஆட்சேபிப்பார். அப்படிப்பட்டவரைத் தூண்டிவிடுவது ஒரு வேலையா?

மறுநாள் தூக்கத்தைத் தியாகம் செய்து போனார். என்ன அதிசயமோ, ஆட்சேபனை தயங்கினார். அக்கம்பக்கத்தில் ஒருத்தருக்கொருத்தர் அனுசரித்துப் போக வேண்டாமா என்றார். டைம்கீப்பர் மலைத்துப் போனார். ஆட்சேபிக்கச் சொன்னால் அதற்கே ஆட்சேபிக்கிற மனுஷனை என்ன செய்வது? கழிவுக் குழாய் கசிந்தால் உங்கள் தண்ணீர்த் தொட்டியின் கதி என்ன என்று கெஞ்சிக் கூத்தாடினார். கடைசியில், "உங்களுக்காக வேணும்னா பண்றேன்" என்று ஆட்சேபனை இறங்கி வந்தார்.

கொஞ்ச நாளில் நகராட்சியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தாள். சின்ன வயசுதான். ஆனால் அளவு நாடாவை அவள் பிடித்த பிடியில் டைம்கீப்பர் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார். ஆட்சேபனை நியாயமானது, தொட்டிக்குப் பக்கத்தில் கழிவுக் குழாய் போகக் கூடாது, கொல்லைப்புறத்தில் கட்ட அனுமதி இல்லை என்றாள். டைம்கீப்பர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார். உள்ளுக்குள் கட்டில் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"ஆனா வேற வழி இருக்கு," என்று இன்ஸ்பெக்டர் வீட்டுக்குள் வந்தாள். பழைய குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒரு அறை. சும்மாதான் கிடக்கு," என்றாள் மனைவி.

இன்ஸ்பெக்டர் எதிரில், 'சும்மா கிடப்பது அறை அல்ல, நான்' என்று டைம்கீப்பரால் சொல்ல முடியுமா? அங்கே கட்டினால் பழைய குழாயிலேயே இணைத்துவிடலாம், சாய்வும் சரியாக வரும், யாருக்கும் ஆட்சேபனை இருக்காது என்று இன்ஸ்பெக்டர் விளக்கினாள். திருத்திய வரைபடம் பாஸ் ஆகி, முத்திரையோடு வீட்டுக்கு வந்தது.

ஒரு மத்தியானம் அவர் வீடு திரும்பியபோது கட்டில் கூடத்துச் சுவரில் செங்குத்தாகச் சாய்ந்திருந்தது. ஆபீஸ் ரூமின் தரை வாயைப் பிளந்து கிடந்தது. பள்ளத்துக்குள் குழாய்க்காரர் நின்று நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பள்ளத்தையாவது மூடிக் கட்டிலைப் போட வழி உண்டா என்று டைம்கீப்பர் ரகசியமாகக் கேட்டார்.

"இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிற வரைக்கும் ஒரு பிடி மண் போடக் கூடாது சார். நீங்க சட்டத்துல ரொம்பக் கண்டிப்புன்னு வீட்டம்மா சொல்லியிருக்காங்க."

டைம்கீப்பர் நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். உங்கள் ஆட்சேபனையால் என் தலையில் இடி விழுந்துவிட்டதே என்று குமுறினார். ஆட்சேபனை அவரைப் பாவமாகப் பார்த்தார்.

"என்ன சார், உங்களுக்குத் தெரியாதா? நீங்க வர்றதுக்கு முந்தின நாளே உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டாங்க. 'அவர் வந்து ஆட்சேபிக்கச் சொல்வார். உடனே ஒத்துக்காதீங்க, சந்தேகப்படுவார். கொஞ்சம் தயங்கிட்டு ஒத்துக்கோங்க'ன்னு."

தூக்கம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். தன்னைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கிவிட்டாளே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தார். அன்று மனைவிக்கு விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆக, உனக்கு முதல்லேர்ந்தே என் அறைதான் வேணும்."

"ஆமா."

"அதை நேரா என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தா, 'யோசிச்சுச் சொல்றேன்'னுட்டு உள்ளே போய்ப் படுத்திருப்பீங்க."

டைம்கீப்பர் சுவரில் சாய்ந்திருந்த கட்டிலைப் பார்த்தார். இதற்கும் யோசித்துச் சொல்லலாம்தான். படுக்க இடமில்லை.