கடலுக்குப் பக்கத்தில் கடல் சத்தம்

786

மதுராந்தகம்
15-2-1975, சனிக்கிழமை

சிங்கப்பெருமாள் கோயிலில் இரும்புக்கடை வைத்திருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் ஹமீது அவர்களுக்கு, மைக்செட் சௌகத் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை ஷரீபுன்னிசாவும் சுகம். அப்படி எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன், நம்பிவிட வேண்டாம்.

பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வையுங்கள் என்று நீங்கள்தானே என் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே சொன்னீர்கள்? என் மகள், உங்கள் மருமகள் பதருன்னிசா படித்துக் கிழித்ததை இன்று மகாபலிபுரம் கடற்கரையில் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அவள் படிப்பது ஓவியமா என்றால் இல்லையாம், கட்டடமா என்றால் அதுவும் இல்லையாம், கரண்டு வேலையா என்றால் அதுவும் கொஞ்சம் உண்டாம். மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதற்கு ஒரு காலேஜ், அதற்கு ஒரு புரொபசர், பாலசுப்ரமணியன் என்று பெயர், வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவராம், வெயிலில் மணலில் பூட்ஸ் போட்டு நடக்கிறார், அதிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள்.

சவுக்குத் தோப்பு ஓரமாகச் சவுக்குக் கம்பு நட்டு, கீற்றுத் தட்டி கட்டி, நத்தைக் கூடு மாதிரி சுற்றிச் சுற்றி ஒரு பந்தல் போட்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு மரப்படி, அதற்கு அடியில் ஸ்விட்ச். ஆள் மிதித்தால் உள்ளே பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், ஸ்பீக்கரில் அலை ஓசை வரும். எல்லாம் என் கடையிலிருந்து போன பல்பு, என் ஆம்ப்ளிபயர், என் ஜெனரேட்டர். கடலுக்கு இருபது கெஜத்தில் நின்றுகொண்டு டேப்பில் கடல் சத்தம் கேட்பதற்கு ஒரு பட்டம் கொடுக்கிறார்கள் மச்சான்! இது எதுக்கும்மா என்று கேட்டால், “மனுஷன் உள்ளே வந்தா அந்த இடமே அவனுக்குப் பதில் சொல்லணும் அத்தா” என்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக உங்கள் தங்கை கேட்ட ஒரு கேள்விக்கும் நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை, கீற்றுத் தட்டி சொல்ல வேண்டுமாம்.

நாளைக்குப் பரீட்சை. பட்டணத்திலிருந்து மூன்று பேர் வந்து, ஊர் ஜனம் உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் மார்க் போடுவார்களாம். இன்று ஒத்திகை. புரொபசர் பூட்ஸ் காலோடு படியில் ஏறினார், ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. மீன் விற்றுவிட்டு வந்த காசியம்மாள் நான்கு பெண்களோடு உள்ளே போனாள், ஒரு பல்பும் எரியவில்லை. “இன்னாம்மா இது, உள்ள ஒண்ணியும் காணோமே, இருட்டா கீது?” என்று வெளியே வந்துவிட்டாள். பத்து பேர், இருபது பேர், யாருக்கும் எரியவில்லை. புரொபசர் போனால் எரிகிறது. ஒயரில் கோளாறு என்று அந்த மகானுபாவர் என் மகளை எல்லார் முன்னாலும் திட்டினார், அவள் மூன்று தடவை அத்தனையும் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். நான் கட்டிக்கொடுத்த ஒயரில் கோளாறாம்!

காசியம்மாளை ஓரமாகக் கூப்பிட்டு, படியை மிதித்தாயா என்று கேட்டேன். “இன்னா பாய் நீ? வாசப்படிய யாரானா மிதிப்பாங்களா? தாண்டித்தான் போனோம், வூடு வெளங்க வேணாமா?” என்றாள். அவ்வளவுதான் விஷயம். இது தெரியாதவர் புரொபசர், அவர் கோடு போட்டால் அதன்மேல் ஸ்விட்ச் வைப்பவள் உங்கள் மருமகள். நான் அவர்களிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நாளைக்குப் பெயிலானால் படிப்பு நின்றது, பெண் வீட்டுக்கு வந்தாள். பெயிலானால் நிறுத்திவிடுவேன் என்று அவளிடமே சொல்லியாயிற்று. ஆகவே நீங்கள் வியாழக்கிழமை கடப்பாக்கம் ஷஃபியுல்லாவை அழைத்துக்கொண்டு வரவும், அவர் மகனுக்கே பேசி முடித்துவிடலாம். மறுக்க வேண்டாம், இந்தப் பேஜாரெல்லாம் உங்களால் வந்தது.

உங்கள் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத்தைக் கொடுப்பானாக, பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் பழக்கத்தை எடுத்துவிடுவானாக. வீட்டில் எல்லாருக்கும் ஸலாம்.

இப்படிக்கு,
சௌகத் அலி

பி.கு.: தபாலில் சேர்க்கவில்லை, இப்போது ஞாயிறு சாயங்காலம். என் ஜெனரேட்டரைக் கொண்டுவரத்தான் போனேன். பரீட்சைக்காரர்கள் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஜனம் படியைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, ஒரு பல்பு எரியவில்லை. பதருன்னிசா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் மச்சான். வரவில்லை. ஜெனரேட்டர் மேல் போர்த்தியிருந்த கோணியை உருவினேன், ஒயர் பார்ப்பதுபோலக் குனிந்து ஸ்விட்சைப் படியிலிருந்து கழற்றி வெளியே மணலில் ஒரு பலகைமேல் வைத்தேன், மேலே கோணியைப் போட்டேன். வாசலில் கோணி கிடந்தால் காலைத் துடைக்காமல் நம் ஊரில் யார் உள்ளே போவார்கள்? காசியம்மாள்தான் முதலில் துடைத்தாள். பந்தல் முழுக்க எரிந்தது, அலை சத்தம் போட்டது. “அய்யோ எம்மா, யார்ரா அது!” என்று கத்தினாள், பிறகு சிரித்தாள், பிறகு பத்து தடவை காலைத் துடைத்துத் துடைத்து உள்ளே போய் வந்தாள். ஊரே வரிசையில் நின்றது.

இது யார் யோசனை என்று பரீட்சைக்காரர் கேட்டார். புரொபசர் வாயைத் திறப்பதற்குள் பதருன்னிசா என்னைக் காட்டி, “எங்க அத்தா” என்றாள். பாஸ். ஷஃபியுல்லாவிடம் பெண் படிக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது லாரியில் அவள், “அத்தா, அடுத்த வருஷத்துக்கு இன்னும் நாலு ஸ்பீக்கர் வேணும்” என்றாள். முகூர்த்த மாசம், வாடகைக்குப் போகிற சாமான், ஒன்றும் தர முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டுவிட்டேன்.