கோபம் வந்தால் ஒரு மாத்திரை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் தங்கையும் ஒரே கூரையின் கீழ் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுத என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தையல் கடையில் வேலை கழுத்தைப் பிடிக்கும் என்று தெரியும். இருந்தாலும் மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இந்தக் கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் என் தொண்டை பாய்லர் ஹவுஸில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. நான் ரகசியம் பேசினால் தெருக்கோடியில் இருப்பவர் பதில் சொல்லுவார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை கெட்டுப்போய்விட்டாள். பதற வேண்டாம், உடம்புக்கு ஒன்றும் இல்லை. குணம்தான். கல்யாணமான நாளில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, அவ வாயில்லாப் பூச்சி, பாத்துக்கோங்க" என்று கண் கலங்கினீர்களே, அந்தப் பூச்சிக்கு இப்போது வாய் முளைத்துவிட்டது. தினமும் காலையில், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு, என்னோடு சண்டைக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. ஃபாக்டரியிலாவது வாரம் ஒரு நாள் சங்கு ஊதாமல் இருந்தது.

இது எப்போது ஆரம்பித்தது என்பதைச் சொல்ல வேண்டும். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சூட்டோடு சூடாக டாக்டரம்மா எனக்கு பிரஷர் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். தினம் காலையில் ஒரு மாத்திரை, வாழ்நாள் முழுக்க என்றார். மச்சான், வாழ்நாள் முழுக்க என்று ஒரு வைத்தியம் உண்டா? குணமாகவே ஆகாது என்று அவர்களே சொல்லிவிட்ட பிறகு எதற்கு அந்த மருந்து? அதைக் கேட்டுவிட்டு வந்து நான் கொஞ்ச நாள் ஓய்வு எடுத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், சவரம் செய்யவில்லை, தெருவில் இறங்கவில்லை, கூட வேலை பார்த்தவர்கள் வந்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். வாழ்நாள் பூராவும் உழைத்தவன் ஓய்வு எடுத்தால் அப்படித்தான் எடுப்பான். இதைப் போய் உங்கள் தங்கை டாக்டரம்மாவிடம் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்ல, அந்த அம்மா என்னைப் பார்த்து, "அழணும்னு தோணுதா சார்?" என்று கேட்கிறார். பத்து ஆள் உயர பாய்லரை அடக்கி ஆண்டவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது?

நான் மாத்திரையே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். பாய்லரில் கேஜ் இருக்கும், அதில் சிவப்புக் கோடு இருக்கும். ஊசி சிவப்பைத் தொட்டால் வால்வைத் திறப்போம், இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஊசி கீழே கிடக்கும்போது வால்வைத் திறக்கிறவனை நான் என் ஷிப்டில் வைத்துக்கொண்டதே இல்லை. பிரஷரும் அழுத்தம்தான், உடம்பும் பாய்லர்தான். எனக்கு அழுத்தம் ஏறினால் காது மடல் சூடாகும். தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் மாத்திரை, இல்லையென்றால் இல்லை. இதற்கு எதற்கு டாக்டர்?

நடுவில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது, மறைக்கவில்லை. மின்கட்டணம் கட்ட உங்கள் தங்கையோடு வரிசையில் நிற்கும்போது இடது கை மரத்துப்போய், ரூபாய் நோட்டு கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கலாம் என்றால் கை என் பேச்சைக் கேட்கவில்லை. கவுண்டரில் இருந்தவரிடம் என் பெயரைச் சொன்னால் வாயிலிருந்து வேறு என்னவோ சத்தம் வந்தது. அரை நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. "இது எச்சரிக்கை சார். அடுத்த தடவை கை திரும்பி வராது, பேச்சும் வராது" என்று டாக்டரம்மா பயமுறுத்தினார். அன்று முழுக்க என் காது துளிக்கூட சூடாகவில்லை என்பதை நான் அவரிடம் ஆணித்தரமாக எடுத்துச் சொன்னேன். உடனே அவர் என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, உங்கள் தங்கையோடு தனியாக வெகுநேரம் பேசினார். இவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

முதல் நாள் பேப்பர். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவதற்குள் குறுக்கெழுத்தை அவள் போட்டு வைத்திருக்கிறாள், அதுவும் பேனாவால். ஒரு இடத்தில் நாலு கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதியிருக்கிறாள் மச்சான்! எனக்கு வந்ததே கோபம். காது இரண்டும் தணல். "மாத்திரை எங்கடீ?" என்றேன். கையிலேயே வைத்திருந்தாள், தண்ணீரோடு. அடுத்த நாள் என் கருவிப் பெட்டி. அளவு வாரியாக நான் பிரித்து வைத்திருந்த திருகாணிகளை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டி, "இப்ப இடம் மிச்சம் பாருங்க" என்கிறாள். அதற்கு அடுத்த நாள் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டு, நான்தான் தாமதமாக எழுந்தேன் என்று சாதிக்கிறாள். இதையாவது பொறுக்கலாம். இரண்டாம் ஷிப்ட் ஃபோர்மேன் ஒருவன் இருந்தானே, தூங்குமூஞ்சி, 'அணைஞ்ச அடுப்பு' என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவனைப் பற்றி ஒரு நாள், "அவர் ஷிப்டுல நீராவி ஒரு நாள்கூட குறைஞ்சதில்லயாமே, ஊரே சொல்லுது" என்றாள். எந்த ஊர் மச்சான் அது? நான் அந்த ஊருக்கே போய்க் கேட்கத் தயார். அன்று இரண்டு மாத்திரை போட்டிருப்பேன், அவள்தான் டப்பாவைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள்.

இன்னொரு நாள் அவள் பேசிய பேச்சு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. "ஏங்க, பாய்லருக்குப் போற தண்ணிக்கு தினம் மருந்து கலப்பீங்கன்னு சொல்வீங்களே, உள்ள குழாய்ல உப்பு படியாம இருக்க. அது ஊசி சிவப்புக்குப் போனப்புறமா கலப்பீங்க, இல்ல தினமுமா?" என்று கேட்டாள். இது பாய்லரைப் பற்றி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் கேட்கிற கேள்வி. அது வேறு, இது வேறு. எப்படி வேறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கே சரியாக வரவில்லை. அதில் இன்னும் கோபம் வந்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

இதில் எனக்குப் புரியாத சங்கதி ஒன்று உண்டு. நான் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்து முடித்ததும், குழாயை மூடினதுபோல் சண்டை நின்றுவிடும். "மத்தியானத்துக்கு என்ன செய்யட்டும்?" என்று சாதாரணமாகக் கேட்பாள். நான் அப்போதுதான் சூடுபிடித்திருப்பேன், எதிரில் ஆளே இருக்காது. போன வாரம் ஒரு நாள் சண்டைக்கு அவளுக்குக் காரணமே கிடைக்கவில்லை. டம்ளரும் கையுமாக வந்து நிற்கிறாள், வாயைத் திறக்கிறாள், மூடுகிறாள், கூரையைப் பார்க்கிறாள். கடைசியில், "உங்க மூக்கு எனக்குப் பிடிக்கல" என்றாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின பிறகு இன்றைக்கா மூக்கு கண்ணில் பட்டது? நான் விடுவேனா, உங்கள் வம்சத்து மூக்கையெல்லாம் வரிசையாக இழுத்துப் பேசிவிட்டேன். உங்களுடையதும் அதில் வந்தது. அதற்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தச் சண்டையில் நான் தோற்கிற ஆள் இல்லை. மறுநாளைக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டு, விடியும்போதே எழுந்துவிடுகிறேன். சவரம் செய்கிறேன். அணைஞ்ச அடுப்பின் லட்சணத்தை நிரூபிக்க, பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து இரண்டு பேரை வீட்டுக்கே சாட்சிக்குக் கூட்டிவந்தேன். இப்போது அவர்கள் வாராவாரம் வருகிறார்கள், சீட்டு ஆடுகிறோம். ஆக, நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்ததிலிருந்து என் சொந்த முயற்சியால் எழுந்து வந்துவிட்டேன். போன முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிரஷர் அருமையாக இருக்கிறது என்று டாக்டரம்மாவே ஆச்சரியப்பட்டார். "மனசு எப்படி இருக்கு சார்?" என்றார். "மனசைக் கவனிக்க எங்கம்மா நேரம்? சண்டை போடவே பொழுது போதல" என்றேன். அவர் உங்கள் தங்கையைப் பார்த்தார், உங்கள் தங்கை மின்விசிறியைப் பார்த்தாள். டாக்டரம்மா ஃபைலைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. என் முறை ஜெயித்ததில் அவருக்கு வருத்தம் போலிருக்கிறது, பாவம்.

ஆகவே மச்சான், நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருஷத்துக்கு ஒரு முறை பாய்லரை அணைத்து, ஆற விட்டு, உள்ளே இறங்கிச் சுத்தம் செய்வோம். அதுபோல் இவளையும் ஒரு மாதம் ஆற விட வேண்டும். வருகிற சனிக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போய் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை கண்டித்தும் வையுங்கள், நான் சொன்னதாக மட்டும் சொல்ல வேண்டாம். என்னைப் பற்றிக் கவலையே படாதீர்கள். அவள் இல்லையென்றால் எனக்குக் கோபம் வராது, கோபம் வராவிட்டால் காது சூடாகாது, காது சூடாகாவிட்டால் ஒரு மாதத்துக்கு மாத்திரையே தேவையில்லை. எவ்வளவு நிம்மதி, யோசித்துப் பாருங்கள்!

அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும், உங்கள் முழங்கால் வலி சீக்கிரம் விலக வேண்டும் என்ற என் பிரார்த்தனையையும் சேர்த்து அனுப்புகிறேன்.

என்றும் உங்கள் சொல்லைத் தட்டாத,
தங்கை கணவன்.

பி.கு.: மச்சான், சனிக்கிழமை வர வேண்டாம். கண்டிக்கவும் வேண்டாம். கடிதத்தை உறையில் போட்ட பிறகு, மனசு கேட்காமல் அவளிடமே சொல்லிவிட்டேன், "ஒரு மாசம் உங்க அண்ணன் வீட்டுல போய் இரு, எழுதியாச்சு" என்று. அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, "நான் போயிட்டா உங்கள யாருங்க கோபப்படுத்துவாங்க?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்குச் சண்டை போடவே வராதுங்க. அண்ணனக் கேட்டுப் பாருங்க. ராத்திரி படுத்தா நாளைக்கு என்னத்தச் சொல்லிச் சண்டை போடுறதுன்னுதான் யோசன. விடியுறதுக்குள்ள எழுந்திரிச்சு அடுப்படியில தனியா ஒருக்கா பேசிப் பாத்துக்குவேன். அன்னிக்கு வரிசையில உங்க வாய் கோணினது இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. வேற வழி தெரியல" என்றாள். அப்புறம் அழுதாள். எனக்குப் பேச்சு வரவில்லை மச்சான். இந்தத் தடவை அது பிரஷரால் இல்லை. அத்தனை நாளும் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்று காலை அவள் டம்ளரோடு வருவதற்கு முன்பே நானே போய் மாத்திரையை எடுத்து, அவள் பார்க்கப் போட்டுக்கொண்டேன். காது சில்லென்றுதான் இருந்தது. நாளைக்கும் போடுவேன் என்றேன். நாளன்றைக்கும் என்றேன். நம்பினாளா இல்லையா தெரியவில்லை. இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன், "அனுப்புங்க, அண்ணன் சிரிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று போய்ப் படுத்தாள். மணி பதினொன்று ஆகப்போகிறது. இன்னும் தூங்குகிறாள். வந்தவர்களிடம் சீட்டு இன்றைக்கு வேண்டாம் என்று வாசலிலேயே கிசுகிசுப்பாகச் சொல்லி அனுப்பினேன், என் தொண்டைக்கு அதுவும் வருகிறது. அடுப்பில் உலை வைத்திருக்கிறேன்.