ஜெபக் குறிப்பில் நான்கு பெயர்கள்

காஜா பேராங்,
மலாக்கா.
2-9-1957, திங்கட்கிழமை

கர்த்தருக்குள் பிரியமானவரும் என் மரியாதைக்கு என்றும் உரியவருமான மைத்துனர் திரு. பொன்னுதுரை அவர்களுக்கு சா. ஆசீர்வாதம் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் தங்கையும் சுகமாக இருக்கிறோம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. சுகமாக இருக்கிறோம் என்பதை ஊருக்கு நிரூபிக்க நாங்கள் பட்ட பாடு இந்தக் கடிதத்தை முழுவதும் படித்தால் உங்களுக்கே தெரியும். ஈப்போவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். வீட்டுக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவான குரலில் ஜெபிக்கிறேன். அதற்கும் காரணம் உண்டு.

நாடு சுதந்திரம் அடைந்து இன்றைக்கு மூன்றாம் நாள். எங்கள் தெருவில் கொடி இல்லாத வீடே இல்லை. ஆனால் நான் இவ்வளவு அவசரமாக எழுதுவது அந்தச் சந்தோஷத்தினால் மட்டும் அல்ல. மச்சான், நம் ஞாயிறு பள்ளி பிழைத்துவிட்டது!

ஜூன் மாதம் போதகர் வந்தபோது சொன்னதை உங்களுக்கு எழுதியிருந்தேன். சிரம்பானிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருகிற மனிதர், வந்தவுடனேயே ஞாயிறு பள்ளி நடக்கும் கோயில் பின்னறையை எட்டிப் பார்த்தார். பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆசீர்வாதம் போதாது, செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை நான்கு ஆசிரியர்கள் என் முன்னால் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னறை பாடகர் குழுவுக்குப் போகும், பிள்ளைகள் பெரியவர்களோடு உட்கார்ந்து என் பிரசங்கத்தைக் கேட்கட்டும் என்றார். அவருடைய பிரசங்கம் ஒன்றேகால் மணி நேரம். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? எனக்கும் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள். சர்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. எங்களுக்கென்று பிள்ளை இல்லை. பதினோரு வருடமாக அந்த அறையில்தான் என் ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதைப் பூட்டிவிட்டால் நான் எங்கே போய் உட்காருவேன் என்று நினைத்து அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது. "ஊழியர்களைத் தேடு, ஆயத்தப்படுத்து, உற்சாகப்படுத்து" என்று மூன்றே வரியில் எழுதியிருந்தீர்கள். எழுபது பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர் எழுதினால் அதற்கு மறு பேச்சு உண்டா? மூன்றையும் செய்தேன். தேடியது நன்றாக வந்தது. ரப்பர் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருக்கும் கமலவேணி, புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் கண்டக்டராகப் போகும் மருதமுத்து, தோட்டத்து மருத்துவமனையில் டிரஸராக இருந்து ஓய்வு பெற்ற சின்னப்பா, நான்காவதாக உங்கள் தங்கை. முதல் மூவரும் கேட்டவுடன் சரி என்றார்கள். உங்கள் தங்கையை மட்டும் ஒன்பது நாள் கெஞ்ச வேண்டியிருந்தது.

ஆயத்தப்படுத்துவதில்தான் நான் என்னை மிஞ்சிவிட்டேன். சர்வே ஆபீஸில் முப்பது வருடம் இருந்தவனுக்கு ஒழுங்காகச் செய்யாவிட்டால் தூக்கம் வராது. இருபத்திரண்டு விதிகளோடு ஓர் ஊழியர் கையேடு எழுதி, கமலவேணியையே டைப் அடிக்கச் சொன்னேன். ஆசிரியர் எப்போதும் புன்னகையோடு இருக்க வேண்டும் என்பது ஏழாவது விதி. அதிகமாகச் சிரிக்கக் கூடாது என்பது எட்டாவது. சனிக்கிழமை மாலைகளில் பயிற்சி வகுப்பு வைத்து, நானே ஐந்து வயதுப் பிள்ளையாகப் பாயில் உட்கார்ந்து அவர்களைக் கேள்வி கேட்டேன். நோவாவின் பேழையில் மீன்களுக்கு எங்கே இடம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். டிரஸர் அதற்கு முக்கால் மணி நேரம் பதில் சொன்னார். படம் ஒட்டிக் காட்ட ஒரு பலகை வேண்டுமே என்று, போன கிறிஸ்துமஸுக்குக் கோட்டு தைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய சாம்பல் நிற ஃபிளானல் துணியைப் பலகை மேல் இழுத்துக் கட்டி ஆணி அடித்தேன். துணி தையல்காரரிடம் இருப்பதாகவும், பலகையில் இருப்பது பழைய கம்பளி என்றும் உங்கள் தங்கை நம்பிக்கொண்டிருக்கிறாள். நீங்களும் அப்படியே நம்புங்கள். படங்கள் துணியில் நிற்கவில்லை என்று மரவள்ளி மாவுப் பசை தடவினேன். அடுத்த ஞாயிற்றுக்குள் கரப்பான் பூச்சிகள் யானையையும் ஓர் ஒட்டகத்தையும் தின்றுவிட்டன. அந்த இரண்டும் ஏன் பேழையில் ஏறவில்லை என்று பிள்ளைகள் கேட்டார்கள். அதற்குக் கையேட்டில் விதி இல்லை.

மருதமுத்து மட்டும் என் பலகையைத் தொடவே இல்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்கு ஓட்டை போடுகிற கருவியைக் கொண்டுவந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்து, வந்த நாளுக்கு ஓர் ஓட்டை என்று போட்டுக்கொண்டிருந்தான். பிள்ளைகள் வாசலில் வரிசை பிடித்து நின்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. வேத வகுப்பா, பஸ் ஸ்டாண்டா என்று கேட்டு, பத்தொன்பதாவது விதிக்குக் கீழே "பஸ் சாமான்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி சேர்த்தேன். அவன் கருவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இனி மூன்றாவது. உற்சாகப்படுத்துவது. மச்சான், இங்கேதான் உட்கார்ந்து படியுங்கள்.

எங்கள் கோயிலில் பிரசங்கத்துக்கு முன்னால், போதகர் வராத வாரங்களில் ஆராதனை நடத்தும் உபதேசியார் ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து ஜெபக் குறிப்பு வாசிப்பார். அதில் பெயர் வந்தால் அந்த ஆள் படுத்த படுக்கை என்று அர்த்தம். இது யாரும் எழுதி வைக்காத சட்டம். எனக்கும் தெரியும். தெரிந்தும், ஆகஸ்ட் நான்காம் தேதி காலையில் இருந்த உற்சாகத்தில் மறந்துவிட்டேன். சபை முழுவதும் பெயர் சொல்லி ஜெபித்தால் என் ஊழியர்களுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று, நான்கு பெயர்களையும் எழுதி, கீழே "பலவீனத்தில் பெலன் தரும்படி" என்றும் சேர்த்துக் கொடுத்தேன். உபதேசியார் தழுதழுத்த குரலில் வாசித்தார். வாசித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் கமலவேணி வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு பதினோரு பெண்கள் போயிருக்கிறார்கள். பெற்ற தாய்க்கே தெரியாமல் நோயை மறைத்துவிட்டாளே என்று அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறார். மருதமுத்துவுக்குக் காச நோய் என்று பஸ்ஸில் யாரோ சொல்ல, பஸ் முதலாளி தவுக்கே அவனை மறு நாளே வண்டியை விட்டு இறக்கிவிட்டார். டிரஸர் சின்னப்பா கதை வேறு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "ரொம்ப இளைச்சிட்டீங்களே" என்று சொல்லிச் சொல்லி, அவருக்கே சந்தேகம் வந்து, நாளைக்கு ஐந்து தடவை தனக்குத்தானே காய்ச்சல் பார்த்துக்கொண்டு, அடக்க ஆராதனைக்குப் பாட்டும் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டார். உங்கள் தங்கை வந்த பார்லித் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் என்னை ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள், பெரியவர்கள் பேச்சைத் தட்டக்கூடாது என்றாள். நான் சமைத்தேன். பக்கத்து வீட்டில், தலைமுறைகளாக மலாயே பேசும் சிட்டிக் குடும்பத்து சிவகாமி அக்காவுக்குத் தமிழ் வராது. அவரும் ஒரு தட்டு கூயே பலகாரத்தோடு வந்து, "சியாப்பா சாக்கிட்?" என்று மலாயில் கேட்டார். யாருக்கும் நோய் இல்லை என்றேன். நோய் இல்லாதவர்களுக்கு எதற்கு இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். நான் தட்டை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சரி, நாம் செய்த கோளாறை நாமே சரிசெய்வோம் என்று அடுத்த ஞாயிறு இன்னொரு சீட்டு கொடுத்தேன். சென்ற வாரம் குறிப்பிட்ட நால்வரும் பூரண சுகத்தோடு இருக்கிறார்கள் என்று தெளிவாக எழுதினேன். உபதேசியார் வாசித்ததும் சபை முழுவதும் எழுந்து நின்று ஸ்தோத்திரப் பாட்டுப் பாடியது. ஒரே வாரத்தில் சாவின் வாசலிலிருந்து நான்கு பேர் திரும்பியிருக்கிறார்கள் என்றால் சும்மாவா? அந்தச் செய்தி அன்று சாயங்காலமே தம்பின் ஊர் வரை போய்ச் சேர்ந்தது. கமலவேணிக்கு அங்கேதான் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். பெண்ணை மறுபடி நேரில் பார்த்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு என்று அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. வருவதாகச் சொன்ன நாள் செப்டம்பர் ஒன்று.

நால்வரும் விலகிக்கொண்டார்கள். கமலவேணியின் அம்மா வந்து, என் மகளை இனிமேல் உற்சாகப்படுத்த வேண்டாம் என்று கைகூப்பிச் சொல்லிவிட்டுப் போனார். மருதமுத்து வாசலில் நின்றபடியே, "சார், நான் டிக்கெட் குடுக்கிறவன். ஏத்துறதும் எறக்குறதும்தான் தெரியும். என்னைய விட்டுருங்க" என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தவுக்கேயிடம் போய் நானே மூன்று நாள் நின்று, டாக்டர் சீட்டைக் காட்டி அவனை மறுபடி வண்டியில் ஏற்றினேன். ஆனால் வகுப்புக்கு வா என்று கேட்க வாய் வரவில்லை. டிரஸர் படுக்கையிலிருந்தே சீட்டு அனுப்பினார். உங்கள் தங்கை மட்டும் நேரில் கேட்டாள்: "விலகிக்கிறதுக்கு ஒங்க கையேட்டுல எத்தனாவது விதி?"

நேற்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் பாடாங் மைதானத்தில் சுதந்திரக் கொண்டாட்டம் பார்க்க வந்த பிள்ளைகளிடமெல்லாம், நாளைக்கு எங்கள் கோயிலுக்கு வந்தால் காகிதக் கொடி தருவேன் என்று சொல்லியிருந்தேன். போதகர் கண்ணுக்குக் கூட்டமாவது தெரியட்டும் என்ற ஆசை. நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள்! தெங்கேராவிலிருந்தெல்லாம் வந்தார்கள். நாற்பத்து மூன்று பேர் கையிலும் குச்சியோடு கொடி. எதிரே நான் ஒருவன். நான்காவது விதியை உரக்க வாசித்தேன், அது அமைதி பற்றியது. அதற்குள் இரண்டு பையன்கள் கொடிக்குச்சியால் வாள் சண்டை போட, மூன்றாவது ஒருவன் மூக்கில் ரத்தம். அவனைத் தூக்கப் போனேன், ஃபிளானல் பலகை நோவாவோடும் மிச்ச மிருகங்களோடும் என் தலை மேல் விழுந்தது. பலகைக்கு அடியில் கிடந்துகொண்டு, வாசலில் போதகரின் கறுப்புச் சப்பாத்தைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். உண்மையாகவே அழுகை வந்தது.

கமலவேணி கோயிலுக்குள் தம்பின் குடும்பத்தாருக்குப் பக்கத்தில், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்திருக்கிறாள். பின்னறைச் சத்தம் கேட்டு எத்தனை நேரம்தான் பொறுப்பாள்? எழுந்து விறுவிறுவென்று வந்து, போதகரை ஒதுக்கிவிட்டு, வாசலில் நின்று ஒரே ஒரு தடவை சொன்னாள்: "எல்லாரும் உக்காருங்க."

நாற்பத்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். போதகரும் உட்கார்ந்தார். அவள் பின்னாலேயே ஓடி வந்த மாப்பிள்ளையின் தகப்பனாரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். உடனே பின்னாலிருந்து விசில் சத்தம். "உள்ள தள்ளி ஒக்காரு, எடம் இருக்கு லா" என்று மருதமுத்து, கையில் அந்தக் கருவியோடு நுழைந்தான். மூக்கில் ரத்தம் என்று காதில் விழுந்ததும் டிரஸர் சின்னப்பா தன் வியாதியை மறந்து பஞ்சோடு வந்து பையனை மடியில் போட்டுக்கொண்டார். உங்கள் தங்கை, வீட்டில் மீந்திருந்த பார்லியையெல்லாம் காய்ச்சி, ஒரு பெரிய பானையில் கொண்டுவந்து வைத்தாள். கையேடு ஒருவர் கையிலும் இல்லை. போதகர் தரையிலிருந்தபடியே விரல் விட்டு நான்கு வரை எண்ணி, பாடகர் குழு வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். தம்பின்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "கொரலைக் கேட்டாச்சு, பொண்ணு நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல. நாங்க சம்மதம்" என்றார். மாப்பிள்ளைக்கும் மலாக்காவில்தான் வேலை என்பதால் கமலவேணி இங்கேயே இருப்பாள்.

ஆகவே மச்சான், சுருக்கமாகச் சொன்னால், என் பயிற்சி பலித்துவிட்டது. ஊழியர்களை ஆயத்தப்படுத்துவதில் இப்போது எனக்குக் கொஞ்சம் தேர்ச்சி வந்திருப்பதாகவே நினைக்கிறேன். உங்கள் ஈப்போ ஊழியர்களுக்கு மூன்று நாள் வகுப்பு எடுக்க அடுத்த மாதம் வருகிறேன். இருபத்திரண்டு விதிகளின் பிரதிகளும் கொண்டுவருகிறேன். ஒரு பலகை மட்டும் தயாராக வையுங்கள்.

அக்காவுக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு என் முத்தங்களும். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டிலும் எழுபது பிள்ளைகளின் நடுவிலும் தங்குவாராக.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சா. ஆசீர்வாதம்,
ஞாயிறு பள்ளித் தலைவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நால்வரும் வீட்டுக்கு வந்தார்கள். நால்வர் என்றால் உங்கள் தங்கை அடுக்களையிலிருந்து வந்தாள். கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்களாம். இனி தலைவர் மருதமுத்து. கையேட்டின் பின்பக்கம் வெறும் தாளாக இருப்பதால் பிள்ளைகள் படம் வரைய எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் ஓய்வு தேவை என்று வெள்ளைச் சீட்டில் என் பெயரை எழுதி உபதேசியாரிடம் கொடுத்துவிட்டே வந்திருக்கிறார்கள். ஆகவே ஈப்போவுக்கு வருவதாக எழுதியதையும், தேர்ச்சி என்று எழுதியதையும், கையெழுத்துக்குக் கீழே உள்ள பதவியையும் அடித்துவிட்டுப் படிக்கவும். ஐந்து வயதுப் பிள்ளைகளோடு பாயில் உட்காருவது மட்டும் இனி என் வேலையாம். நான் மறுப்புச் சொல்ல வாயெடுத்தேன். மருதமுத்து பையிலிருந்து ஒரு புது அட்டையை எடுத்தான். மேலே என் பெயர் இருந்தது. "நேத்து வந்தீங்கள்ல சார்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே ஓர் ஓட்டை போட்டுக் கொடுத்தான். பதினோரு வருடத்தில் நான் வந்ததை யாரும் குறித்து வைத்ததில்லை, மச்சான். அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உபதேசியார் ஞாயிறு வரை பொறுக்கவில்லை போலும், இப்போதே வாசலில் யாரோ ஆரஞ்சுப் பழத்தோடு வருகிறார்கள், நான் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்.