முன்னங்காலைத் தூக்கிய வீடு

பொறாமைப்படுகிறவன் கடைக்குப் போகக் கூடாது. போனால் தனக்கு வேண்டியதைத் தவிர மற்றதை வாங்கி வருவான். இதை நான் ஒரு பேட்டரி வாங்கித் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். என் சகலை செல்வம், அதாவது கொழுந்தியாளின் கணவர், தன் மினி லாரியின் முதுகில் தகரமும் பிளைவுட்டுமாக ஓர் அறை கட்டினார், குடும்பத்தோடு ஊர் சுற்ற. போன இடத்தில் மூலைக்கு ஒன்றாக இருக்கும் ஜாக்கிக் கால்களைக் கையால் சுற்றி இறக்கினால் அறை தரையில் ஊன்றி நிற்கும். லாரியை அடியிலிருந்து ஓட்டிக்கொண்டு போய்விடலாம். அலங்காநல்லூரில் மாமனார் வீட்டில் எப்போதும் இதே பேச்சு. எனக்கு ஊற்றிய மீன் குழம்பில்கூடச் செல்வத்தின் புகழ் மிதந்தது. (குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சல்.)

என்னிடமும் மினி லாரி இருந்தது, கப்பலூரில் பட்டறையும் இருந்தது. நானும் ஓர் அறை கட்டினேன். ஆனால் கையால் சுற்றுவதா? நான்கு கால்களுக்கும் மோட்டார் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் அறை எழும்ப வேண்டும்.

பாக்கி இருந்தது பேட்டரி. செல்வமே போன் செய்தார்.

"அண்ணே, லாரி பேட்டரி வேணாம். வண்டி ஸ்டார்ட் ஆகுற வரைக்கும்தான் அதுக்கு மூச்சு. இன்வெர்ட்டர் பேட்டரி போடுங்க, நின்னு இழுக்கும்."

அக்கறையோடுதான் சொன்னார். அந்த அக்கறையைத்தான் தாங்க முடியவில்லை. கடைக்காரரும் அதையே சொன்னதும் முடிவு பண்ணிவிட்டேன்: லாரி பேட்டரிதான். அதிலும் செல்வத்தின் லாரியில் இருப்பதைவிட ஒரு சுற்றுப் பெரியது.

பொங்கல் விடுமுறையில் மாமனார் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். சொந்தமெல்லாம் கூடியது. உள்ளே இருந்து பார்க்க ஆசைப்பட்ட மாமனாரைக் கட்டிலில் உட்கார வைத்து, பின்கதவைச் சாத்தி, செல்வத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

பேட்டரிக்குப் பக்கத்திலிருந்த முன்னங்கால்கள் இரண்டும் கம்பீரமாக எழும்பின. நீண்ட ஒயரின் கடைசியில் இருந்த பின்னங்கால்கள் முனகின, விக்கின, நின்றன. அறை வானத்தைப் பார்த்தது. அத்தோடு பேட்டரியும் மூச்சை நிறுத்தியது. உள்ளே கட்டில் மாமனாரோடு சறுக்கிப் போய்க் கதவை அடைத்துக்கொண்டது.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் நிதானமாகக் கேட்டார்: "மாப்ள, மாடுகூடப் பின்னங்காலத்தான் மொதல்ல ஊணி எந்திரிக்கும். இது என்னங்க, முன்னங்காலத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

மாமியார் ஜன்னல் வழியாகக் காபி நீட்டினார். சரிவில் அது மாமனாரின் வேட்டிக்குத்தான் போனது.

செல்வம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பக்கத்தில் நின்ற தன் லாரி அறையில் விளக்குக்கும் ஃபேனுக்கும் வைத்திருந்த இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றி வந்து, பின்னங்கால்களுக்கு ஒயர் கொடுத்து, "நீங்களே அழுத்துங்கண்ணே" என்றார். அழுத்தினேன். அலுங்காமல் எழும்பி அறை மட்டமானது. எல்லோரும் கைதட்டினார்கள், செல்வத்துக்கு. மாமனார் இறங்கி, நேராகச் செல்வத்தின் அறையில் போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்றைக்கும் நான் எதையாவது பெருமையாக ஆரம்பித்தால், "முன்னங்காலத் தூக்கிட்டாரு" என்று வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். புதிதாக வந்த மருமகள், சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே இதைக் கற்றுக்கொண்டாள். செல்வம்தான் சொல்லிக்கொடுத்திருப்பார் என்று ஆசையோடு விசாரித்தேன். இல்லை, என் மனைவியாம். "பாவம், அதெல்லாம் எதுக்கு மதினி" என்று செல்வம் தடுத்தாராம்.

அதிலும் அவருக்குத்தான் நல்ல பெயர்.